அம்மா பேரில் தொண்ணூறாயிரம்: யாரை நம்பிக் கொடுப்பது?

இந்த 2026 பங்குனியில் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. திருநெல்வேலி குறுக்குத்துறையில் தர்ப்பணம், வீட்டில் படையல் என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் மறுபேச்சே இல்லை. "பந்தி வைக்கிறதுக்குப் பதிலா, ஆளுக்கு முப்பதாயிரம் போட்டு அம்மா பேருல யாருக்காவது உருப்படியா குடுப்போம்" என்று அக்கா சொன்னாள். அதற்கும் உடனே சரி என்றோம். யாருக்கு என்பதில்தான் மூன்று வாரம் ஓடிப்போனது.

அக்கா மனதில் இருந்தது பாளையங்கோட்டையிலிருந்து எட்டு கிலோமீட்டரில் உள்ள ஒரு முதியோர் இல்லம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு, நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஒரு பெரிய நிறுவனம். என் மனைவிக்கு அவளுடைய பள்ளித் தோழிகள் குழுவில் வந்த வேண்டுகோள்: பன்னிரண்டு வயதுப் பையன், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. அத்தான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க, இல்லேன்னா முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் குடுங்க. கணக்கு கேக்குற வேலையே இல்ல" என்றார் அவர்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அறக்கட்டளைக் கணக்குகளும் எங்கள் மேஜைக்கு வரும். அதனால் விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இறங்கிப் பார்த்தபோது முதலில் புரிந்தது, இந்த நான்கையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பது. ஒவ்வொன்றிலும் பணம் தவறிப் போகக்கூடிய இடம் வேறு. அதனால் பார்க்க வேண்டியதும் வேறு.

எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. அந்த இரவில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆச்சி, கீழே ஏதோ ஒரு அறக்கட்டளையின் பெயர், அதற்கும் கீழே ஒரு ஜிபே எண். 3,000 ரூபாய் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அது வேறு ஊரில், வேறு வருஷத்தில் எடுத்த படம் என்று தெரிந்தது. எண் அணைந்திருந்தது. பணம் போனதைவிட இன்னொன்றுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அனுப்புவதற்கு முன்னால் திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. மேலே இருந்த அறக்கட்டளைப் பெயருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பின் நம்பரைப் போட்டேன்.

அந்தப் பெயரைப் படிக்க இரண்டு நொடி போதும். 100 ரூபாயோ, லட்சமோ, எல்லாத் தொகைக்கும் பொதுவான முதல் சோதனை அதுதான். பணம் போகிற வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். "டிரஸ்ட் அக்கவுண்ட்ல கொஞ்சம் பிரச்சினை, என் நம்பருக்கே போடுங்க, நான் மாத்திடுறேன்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

காகிதம் எதுவரை பேசும்

"எங்களுக்கு 80ஜி இருக்கு சார்" என்பதை நற்சான்றிதழ் போலச் சொல்வார்கள். அது அவ்வளவு பெரிய சான்று இல்லை. 12ஏபி பதிவு இருந்தால் அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு. 80ஜி இருந்தால் கொடுக்கிறவருக்கு வரிச் சலுகை. இரண்டும் வருமான வரித் துறை ஆவணங்களைப் பார்த்துக் கொடுப்பவை. படுத்த படுக்கையாக இருக்கும் கிழவருக்கு நடுராத்திரியில் தண்ணீர் கொடுக்க ஆள் உண்டா என்று அந்தத் துறை போய்ப் பார்ப்பதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2021-க்குப் பிறகு வழங்கப்பட்ட பதிவு எண்ணில் முதல் பத்து எழுத்துகள் அந்த அமைப்பின் பான். பானின் நான்காவது எழுத்து, வைத்திருப்பது யார் என்று சொல்லிவிடும். 'டி' என்றால் அறக்கட்டளை. 'ஏ' என்றால் பலர் சேர்ந்த சங்கம். 'சி' என்றால் கம்பெனி. லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனிகளும் இதில்தான் வரும். 'பி' என்றால் தனி ஆள். அறக்கட்டளை என்று நோட்டீஸ் அடித்துவிட்டு பானில் 'பி' இருந்தால், அது அந்த ஆளின் சொந்தப் பான்.

அடுத்து தேதி. முன்பெல்லாம் 80ஜி ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லும் என்ற நிலை இருந்தது. 2021-இல் எல்லாரும் மறுபடி பதிய வேண்டியதாயிற்று, ஐந்து வருஷக் கெடுவோடு. அப்படிப் புதுப்பித்த பழைய அமைப்புகளுக்கு அந்தக் கெடு 2026 மார்ச் 31-இல் முடிந்தது. ஆகவே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பழைய சான்றிதழைக் காட்டினால் போதாது. புதுப்பித்த ஆணையைக் கேளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வேறு வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. பழக்கத்தில் எல்லாரும் இன்னும் கொஞ்ச காலம் 80ஜி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வரிச் சலுகையைப் பொறுத்தவரை நம்மில் பலருக்கு அது இப்போது கிடைப்பதே இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை; அரிசியாக, துணியாகக் கொடுத்தாலும் இல்லை. நான் இருப்பது புதிய முறையில். அப்படியும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழைக் கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

ரசீதுப் புத்தகத்தை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். 10பிஇ அப்படி வராது. உங்கள் பான் எண்ணையும் நீங்கள் கொடுத்த தொகையையும் அமைப்பு 10பிடி என்ற அறிக்கையில் ஏற்றி, வருமான வரித் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தளத்திலிருந்தே சான்றிதழ் இறங்கும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் கைக்கு வர வேண்டும். அது வந்தால் உங்கள் பணம் அவர்கள் அரசுக்குச் சொன்ன கணக்கில் ஏறியிருக்கிறது என்று பொருள். கொடுப்பதற்கு முன்னால் இதை எப்படித் தெரிந்துகொள்வது? "போன வருஷம் கொடுத்தவங்களுக்கு 10பிஇ அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் "மே மாசமே அனுப்பிட்டோம்" என்பார்கள். "அதெல்லாம் எதுக்கு சார், ரசீது தர்றோம்ல" என்று பதில் வந்தால் எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

நிதி ஆயோக் நடத்தும் என்ஜிஓ தர்பன் தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடலாம். தமிழ்நாட்டில் பதிந்தவற்றின் அடையாள எண் 'டிஎன்' என்று ஆரம்பிக்கும். அங்கே இருக்கும் பெரும்பாலான விவரம் அமைப்பே எழுதிக் கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். நான் அதைப் பயன்படுத்துவது ஒரே விஷயத்துக்கு: நிர்வாகிகள் பெயர். அங்கே இருக்கும் பெயர்களும், தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களும், நேரில் பேசுகிறவர்களும் ஒரே ஆட்களா? எல்லாருமே ஒரே குடும்பமா?

தமிழ்நாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. வருஷா வருஷம் அங்கே கணக்குப் போக வேண்டும். இங்கே பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒரு ஆணையர் இல்லை. பத்திர ஆபீஸில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிந்துவிட்டால், பிறகு வருமான வரித் துறைதான் கேட்க வேண்டும். 1975-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கமாக இருந்தால் மாவட்டப் பதிவாளருக்கு வருஷக் கணக்கு போகும். பிரிவு 8 கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே, ஊர்ப்பக்கத்தில் அதிகம் இருக்கும் சாதாரண டிரஸ்டைப் பற்றி அரசு நமக்காகச் சொல்லக்கூடியது குறைவு. மீதியை நாமே போய்க் கேட்டாக வேண்டும்.

நான்கு யோசனைகள்

மனைவி காட்டிய வேண்டுகோளை முதலில் எடுத்துக்கொண்டேன், அவசரம் அதில்தான். கூட்டு நிதி திரட்டும் தளம் ஒன்றின் இணைப்பு, பையன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் படம், மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம். இப்படித் தனி ஒருவரின் சிகிச்சைக்குக் கொடுப்பதற்கு 80ஜி கிடையாது. அது பரவாயில்லை. இங்கே காகிதத்தையும் கணக்கையும் தேடிப் பயனில்லை, குடும்பத்துக்கு ஏது தணிக்கை? பார்க்க வேண்டியவை மூன்று: பையன் உண்மையில் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறானா, கேட்கும் தொகைக்கும் பில்லுக்கும் பொருத்தம் உண்டா, பணம் யார் கைக்குப் போகிறது.

கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு நான் பேசவில்லை. ஆஸ்பத்திரியின் எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து, பில்லிங் பிரிவில் கேட்டேன். நோயாளியின் விவரத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் சரி. உள்நோயாளி எண்ணை (ஐபி எண்) சொல்லி, "இந்த ஐபி எண்ணுக்கு நான் நேரடியா பணம் கட்டலாமா?" என்று மட்டும் கேட்டேன். எண்ணைச் சரிபார்த்துவிட்டு, கட்டலாம் என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கில் நேரே கட்டினால் இடையில் தளத்தின் கட்டணமும் இல்லை. சில தளங்களில் நம் தொகையோடு தளத்துக்கென்று ஒரு 'டிப்' தானாகவே சேர்ந்து நிற்கும். அதைப் பூஜ்யமாக மாற்றும் உரிமை நமக்கு உண்டு. பையனின் அப்பாவிடம் பேசியபோது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, அதற்கு மேல் ஆகும் செலவுக்குத்தான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அட்டை இருந்தும் பயன்படுத்தத் தெரியாத குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குப் பணத்தைவிட அந்தத் தகவல் பெரிய உதவி.

தம்பி சொன்ன பெரிய நிறுவனம் இதற்கு நேர் எதிர். காகிதம் எல்லாம் கச்சிதம். ஐந்து வருஷத் தணிக்கை அறிக்கை தளத்திலேயே இருக்கிறது. கைட்ஸ்டார் இந்தியா போன்ற, தொண்டு நிறுவனங்களின் வெளிப்படைத்தன்மையைப் பார்த்துச் சான்று தரும் அமைப்பிலும் பதிவு இருக்கிறது. கிவ் என்ற நன்கொடைத் தளத்திலும் தேடினால் வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் பேர் இருந்தால் யாரோ ஒருவர் ஆவணங்களை முன்பே புரட்டியிருக்கிறார் என்று ஆறுதல். நேரில் போக முடியாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி. குறை என்னவென்றால், நம்முடைய முப்பதாயிரம் என்ன ஆனது என்பது ஒருநாளும் தெரியாது. பல கோடியில் ஒரு துளி. வருஷ அறிக்கையில் ஒரு எண் ஏறும், அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்கள் பெயரில் மால் வாசலில் நின்று மாதச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள் பலர் வெளி ஏஜென்சி ஆட்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வெயிலில் நின்று பிழைக்கிறார்கள். ஆனால் நின்ற இடத்தில் ஆட்டோ டெபிட்டுக்குச் சம்மதம் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுக் கொடுத்தால் குழந்தைகள் யாரும் பசியால் வாடிவிடப்போவதில்லை.

தம்பி விஷயத்தில் முடிவை எடுத்தது சட்டம்தான். அவன் ஆறு வருஷமாகச் சிங்கப்பூர் குடிமகன். வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி பதிந்த அமைப்புதான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தக் கட்டு இல்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பாஸ்போர்ட் மாறியது தெரியாமல் அனுப்பும் பணத்தால், வாங்கும் சின்ன டிரஸ்ட்தான் சிக்கலில் மாட்டும்.

"அண்ணே, உன் அக்கவுண்டுக்கு அனுப்புறேன், நீ அங்கேருந்து இல்லத்துக்குக் குடுத்துரு" என்றான். இல்லத்தின் நிர்வாகி அம்மாளிடம் இதைச் சொன்னபோது, அவர் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் தம்பி. எங்களுக்கு எஃப்சிஆர்ஏ இல்ல. சுத்தி வந்தாலும் அது அந்தப் பணம்தான்" என்றார். முப்பதாயிரம் ரூபாயை வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடம் என்பது அவர்கள் காட்டிய எந்தக் காகிதத்தையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது.

அத்தான் சொன்ன அரசு வழியில் விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: போகும் கணக்கு அசல்தானா? 2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவித்த உடனே, உண்மையான யுபிஐ முகவரியின் கடைசி 'எஸ்' எழுத்து மட்டும் இல்லாமல் போலி முகவரி சுற்ற ஆரம்பித்தது. ஒரே ஒரு எழுத்து. ஆகவே ஃபார்வர்டு செய்தியிலிருந்து ஒருபோதும் வேண்டாம், அரசுத் தளத்துக்கு நாமே போய்த்தான் கட்ட வேண்டும். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் பழைய வரி முறையில் 100 சதவீதமும் கழிவு. சாதாரண டிரஸ்ட்களுக்குப் பாதிதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. புயல், வெள்ள நேரத்தில் அந்த இரவே கொடுத்தாக வேண்டும் என்று மனது துடித்தால் இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது. பள்ளியையும் தேவையையும் பார்த்து நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது. அத்தான் அதைத் தன் பணத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இல்லத்துக்குப் போன மூன்று தடவை

அக்காவின் முதல் எண்ணம் குழந்தைகள் காப்பகம்தான். சில வருஷத்துக்கு முன் ஒரு காப்பகத்துக்கு மகள் பிறந்த நாளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தாள். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, பாட்டுப் பாடச் சொல்லி, ஒவ்வொருவரையும் "நன்றி அத்தை" என்று சொல்ல வைத்து, அதைப் படம் பிடித்து அன்றைக்கே முகநூலில் போட்டுவிட்டார்கள். அக்காவால் அன்று சாப்பிட முடியவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரும் படமும் வெளியே வரக் கூடாது என்கிறது. 41-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு காப்பகமும் பதிவு செய்திருக்க வேண்டும். குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள் 80ஜி-யை அப்புறம் கேட்கலாம், முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் சொல்வார்கள். அழுகிற முகத்தைப் போட்டு நிதி கேட்கும் இடத்துக்கு நான் ஒரு ரூபாயும் தர மாட்டேன். எங்காவது பிள்ளைகள் கஷ்டப்படுவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

முதியோர் இல்லத்துக்கு முதல் தடவை சொல்லிவிட்டுப் போனோம். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் அப்படித்தான் இருக்கும். காபி கொடுத்தார்கள். கடந்த மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை வேண்டும் என்று கேட்டேன். நிர்வாகி அம்மாள் பீரோவைத் திறந்து கோப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். "ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தாங்க தம்பி, ஒரிஜினல் அதுதான்."

தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஆடிட்டரின் கையெழுத்துக்குக் கீழே யூடிஐஎன் என்று ஒரு 18 இலக்க எண் இருக்கும். 2019-இலிருந்து இது கட்டாயம். முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த ஆறு அந்த ஆடிட்டரின் உறுப்பினர் எண். பட்டயக் கணக்காளர் கழகத்தின் யூடிஐஎன் தளத்தில் நம் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் கொடுத்து இந்த எண்ணைப் போட்டால், இப்படி ஒரு அறிக்கையில் உண்மையில் கையெழுத்து ஆனதா என்று தெரிந்துவிடும். போலி முத்திரை குத்திய அறிக்கைகள் எங்கள் ஆபீஸ் மேஜைக்கே வந்திருக்கின்றன. தொழிலில் இருப்பவர்களைத் தவிர இந்தத் தளத்தைப் பற்றி யாருக்கும் தெரியாதது எனக்கு வருத்தம். மூன்று அறிக்கையையும் பார்த்தேன். மூன்றும் சரி.

பிறகு வரவு செலவு. உணவுச் செலவு வருஷத்துக்கு 11 லட்சத்து 4 ஆயிரம். இருப்பவர்கள் 42 பேர். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 72 ரூபாய். மூன்று வேளை, இரண்டு டீ. மொத்தமாக வாங்கி, ஒரே அடுப்பில் சமைத்தால் நம்பக்கூடிய எண். 20 ரூபாய் என்று வந்திருந்தால் பட்டினி போடுகிறார்கள் அல்லது வருகிற அரிசியைக் கணக்கில் காட்டவில்லை. 200 என்று வந்திருந்தால் பில் எங்கேயோ ஊதியிருக்கிறது. ஆடிட்டரே வேண்டாம், இந்த ஒரு வகுத்தல் யாருக்கும் வரும். நிர்வாகிகளுக்குக் கடன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கார் இல்லை. பதிவு மார்ச் 31-இல் முடிவதாக இருந்தது. புதுப்பிக்கப் போன செப்டம்பரிலேயே விண்ணப்பித்த ஒப்புகை கோப்பில் இருந்தது.

சம்பளம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நாம குடுக்குறது தாத்தா பாட்டிக்கா, வேலைக்காரங்களுக்கா?" என்றாள். நம்மில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறோம். "நூற்றுக்கு நூறும் ஏழைகளுக்கே" என்று போடுகிற விளம்பரத்தை நம்புவதும் இதனால்தான். அப்படி விளம்பரம் பார்த்தால், அப்போது மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், கணக்கு எழுதுகிறவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள். வேறு யாரோ ஒரு புரவலர் அதை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தால் பதில் தெளிவாக வரும். வராவிட்டால் கணக்கில் ஏதோ மறைந்திருக்கிறது. முதியோரைக் கவனிக்கும் இடத்தில் சம்பளம் குறைவாக இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

இரண்டாம் தடவை சொல்லாமல் போனோம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு. வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயசத்தோடு வருவார்கள். வார நாள் சாயங்காலத்தில் யாரும் வருவதில்லை. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனோம். அது அவர்கள் வீடு. மூத்திர வாடை கொஞ்சம் இருந்தது, டெட்டால் வாடையும் இருந்தது. மருந்து எழுதும் நோட்டில் அன்றைய தேதிக்கு, அந்த நேரம் வரைக்கும் டிக் போட்டிருந்தது. மொத்தமாகப் பத்து நாளுக்கு ஒரே பேனாவில் போட்ட டிக் இல்லை. ஒரு ஆச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாம்பாரில் உப்பே போடுவதில்லை என்று சத்தமாகப் புகார் சொன்னார். வேலைக்காரப் பெண் பக்கத்திலேயே நின்றிருந்தாள், "பிரஷர் இருக்குல்லா ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். புகார் சொல்லப் பயப்படாத ஆச்சியைப் பார்த்தபோது எனக்கு மனது லேசானது.

மூன்றாம் தடவை உள்ளே போகவே இல்லை. முக்கில் இருக்கும் பலசரக்குக் கடையில் விசாரித்தேன். "மாசம் அஞ்சாம் தேதி கணக்கு முடிச்சிருவாங்க. ஒரு மாசம் பத்தாம் தேதி ஆச்சு, அதுக்கு அந்தம்மாவே வந்து சொல்லிட்டுப் போச்சு" என்றார் கடைக்காரர். பால்காரரும் ஏறக்குறைய அதையே சொன்னார். வந்த அரிசி மூட்டை பின்வாசல் வழியாகக் கடைக்கே திரும்பி வருகிறதா என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும். வரவில்லை என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு இரவு போனில், உங்களுக்கு இப்போது எது தேவை என்று நிர்வாகி அம்மாளிடம் கேட்டேன். அரிசி, வேட்டி சேலை என்று சொல்வார் என்று நினைத்தேன். "சோறு போட ஆள் வருது தம்பி. பொறந்த நாள், கல்யாண நாள்னு மாசத்துல பாதி நாள் வெளியிலேருந்தே வந்துரும். ராத்திரிக்குத்தான் ஆள் இல்ல. இருந்த பொண்ணு திருப்பூருக்குப் போயிருச்சு. பத்தாயிரம் குடுத்தாத்தான் புதுசா ஒருத்தர் வருவாங்க. சம்பளத்துக்குன்னு கேட்டா யாரும் தர மாட்டேங்காங்க" என்றார்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அம்மாவின் கடைசி நான்கு மாசம், ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது அக்காதான்.

தம்பியின் முப்பதாயிரம் அவன் சொன்ன நிறுவனத்துக்கே, எஃப்சிஆர்ஏ கணக்குக்குப் போனது. எங்கள் அறுபதில் பத்தாயிரத்தை அந்தப் பையனின் ஐபி எண்ணைப் போட்டு ஆஸ்பத்திரியில் கட்டினோம். மீதி ஐம்பதாயிரத்தை மார்ச் கடைசி வாரத்தில் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். திரையில் டிரஸ்டின் பெயர் முழுதாக வந்தது. அக்காவையும் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அழுத்தினேன். மே 20-ஆம் தேதி 10பிஇ மின்னஞ்சலில் வந்தது. அதோடு நிர்வாகி அம்மாள் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பியிருந்தார். ஏப்ரல் மாதச் சம்பளப் பதிவேட்டில் ஒரு வரி: இரவுப் பணி, 10,000, பக்கத்தில் கோணலாக ஒரு கையெழுத்து. ஆகஸ்ட் வரைக்கும் அந்த வரி அம்மா பேரில் இருக்கும்.